சூடில்லாத வெளிச்சம்

பல்பு மாத்தணும், ஸ்டூலைப் பிடி என்றார், பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் மேலே, நான் கீழே. கல்யாணமான நாளிலிருந்து இதே ஏற்பாடுதான், இன்றைக்கு நடுவில் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். என் முகத்துக்கு நேராக என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் கணுக்கால் இருக்கவேண்டும். இருக்கிறது என்று தெரியும், பார்க்கத்தான் முடியவில்லை. நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி இருக்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் குதிகால் வெடிப்பு, வேட்டிக் கரை, கறுத்துப்போன சுண்டுவிரல் நகம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் இந்தப் பல்புதான் காரணம். வேறென்ன காரணம் இருக்கப்போகிறது? மனசுக்குள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வாயால் சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், மனசுக்குள் சொல்வதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நாச்சிமுத்து, நாச்சிமுத்து, நாச்சிமுத்து. எழுபதைத் தாண்டியும் திடமாக ஸ்டூல்மேல் ஏறுகிறார். ஆயுசெல்லாம் கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஹாலில் முதல் பல்பு மாட்டும்போதே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், யார் எவ்வளவு லேட் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். மில்லை மூடிவிட்டார்கள். இப்போது கண்காணிக்க ஆள் கிடையாது, அதனால் கரண்ட்டைக் கண்காணிக்கிறார். பழைய குண்டு பல்பு இருக்குதே, அதுல போற கரண்ட்டுல பத்துல ஒன்பது பங்கு சூடாவே போயிருது, வெளிச்சமாகிறது ஒரே ஒரு பங்குதான், சூடு யாருக்கு வேணும், சூடு பூராவும் தண்டம் என்று மேலேயிருந்து சொல்கிறார். இதை நான் கேட்பது இது எத்தனையாவது தடவையோ. விருந்தாளி வந்தாலும் இதேதான். சம்பந்தி வீட்டார் முதல் தடவை வந்தபோது காப்பி ஆறிப்போகிற வரைக்கும் இதைத்தான் சொன்னார், அவர்கள் பெண் கொடுக்கிறவர் முகத்தைப் பார்ப்பதா பல்பைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். முதலில் நூறு வாட்ஸ் இருந்தது. அப்புறம் முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்ட ஒரு பல்பு வந்தது, அது போட்டு ஒரு நிமிஷம் கழித்து யோசித்து யோசித்து எரியும். அப்புறம் எல்.இ.டி., ஒன்பது வாட்ஸ். இன்றைக்கு அந்த ஒன்பதும் அதிகமாகப் பட்டுவிட்டது. ஒண்டிப்புதூர் கடையில் தள்ளுபடியில் ஒரு பெட்டி நிறைய ஐந்து வாட்ஸ் வாங்கி வந்திருக்கிறார். இப்படியே போனால் ஒரு நாள் வெறும் ஹோல்டரை மட்டும் துடைத்துவிட்டுக் கீழே இறங்கி, எப்படி இருக்குது வெளிச்சம் என்று கேட்பார். நானும் நல்லா பளிச்சுன்னு இருக்குதுங்க என்பேன்.

அந்த வாக்கியத்தைத்தான் இன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாய்க்குப் பழகிப்போய்விட்டது. ஹாலில் மாட்டினார், இறங்கினார், செருப்பை இழுத்துக்கொண்டு சுவிட்சுப் பக்கம் போனார், டிக்கென்று ஒரு சத்தம், எப்படி என்றார், நல்லா பளிச்சுன்னு இருக்குதுங்க என்றேன். சமையலறையிலும் அப்படியே. பாராட்டு விழாவுக்கு வந்தவர் மாதிரி ஒவ்வொரு தடவையும் காத்து நிற்கிறார். நான் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. பார்த்து ஆகப்போவது என்ன? பல்பு இருக்கிற இடத்தில் அதே தேங்கின தண்ணீர், சுற்றிலும் மங்கலாக ஒரு வெள்ளை. இந்த எல்.இ.டி. வெளிச்சமே அப்படித்தான். செத்த வெளிச்சம், உயிரில்லாதது, அரிசியில் கல் எது என்று காட்டத் துப்பில்லாதது. இது வந்த பிறகுதான் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. இது வந்த பிறகுதான் ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டேன். குறைந்த வாட்ஸில் குடும்பம் நடத்தினால் இப்படித்தான். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாருக்கு முகம் இல்லை. அலங்காரம் இருந்தது, அருகம்புல் மாலை இருந்தது, காது இரண்டும் இருந்தன, நடுவில் முகத்தைக் காணோம். மத்தியானப் பூஜை, வெயில் வாசல் வரைக்கும் வந்து கிடந்தது. அது கற்பூரப் புகையாக இருக்கும். பஸ் நம்பர்? பஸ் ஸ்டாப்பில் ஏது கற்பூரம்? பஸ்காரன் இப்போதெல்லாம் நம்பரை மினுக்கு விளக்கில் ஓட விடுகிறான், அதுவும் இந்த எல்.இ.டி. சனியன்தான். அப்படித்தான் இருக்கவேண்டும். அப்படித்தான்.

எதிர்வீட்டுக் கோகிலாவுக்குக் கோபம். என்னக்கா இப்பல்லாம் பெரிய எடமாயிட்டீங்க, மூஞ்சிக்கு நேரா பாக்காம ஓரக்கண்ணுல பாத்துட்டுப் போறீங்க என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஓரத்தில் பார்த்தால்தான் அவளுக்கு முகமே இருக்கிறது. நேரே பார்த்தால் கம்மலும் கொண்டையும் மட்டும் பேசுகின்றன. அலட்சியக்காரி, கர்வக்காரி என்று பேர் வாங்கிக்கொள்வதில் எனக்குக் கஷ்டமில்லை, மற்றதைவிட இது எவ்வளவோ மேல். சொல்லப்போனால் இந்தப் பார்வை எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷமாக நாச்சிமுத்துவை மனசுக்குள் எப்படிப் பார்த்தேனோ அதே மாதிரி இப்போது கண்ணாலும் பார்க்கிறேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. மீட்டர் எண்ணை வராண்டாவில் நின்றே கண்ணாடி போடாமல் படிக்கிற மனுஷனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறவள் தன் முகத்தைப் பார்க்காமல் தன் காதைப் பார்க்கிறாள் என்பது தெரியாது. கழுகுக் கண். கழுகுக்கு எலி மட்டும்தானே தெரியும்.

மூன்றாவது பல்பு என் அறைக்கு. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறார், பின்னாலேயே போகிறேன், கையால் சுவரைத் தடவியபடி. பூஜை அலமாரி தாண்டும்போது சிவப்பாக ஒரு பொட்டு ஓரத்தில் வந்து போகிறது. அந்த சீரோ வாட்ஸ் பல்பு. வீட்டில் எல்லாப் பல்பையும் மாற்றினவர் அதை மட்டும் தொடவில்லை. பதினைந்து வருஷமாக ராத்திரி பகலாக எரிகிறது, சாமிக்கு. சீரோன்னா சீரோதான், கரண்ட்டே இழுக்காது என்பது நாச்சிமுத்துவின் சித்தாந்தம். அதுவும் பத்துப் பதினைந்து வாட்ஸ் இழுக்கிற குண்டு பல்புதான், பேர்தான் அப்படி என்று ஓசூரிலிருந்து மகள் சுகந்தி வந்திருந்தபோது என்னிடம் சொன்னாள். அப்பா கிட்ட சொல்லட்டுமா என்றாள். வேண்டாம் கண்ணு என்று அவள் வாயைப் பொத்தினேன். இவர் ராத்திரி எழுந்து வந்து ஃபேன் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவதும், நான் டி.வி. பிளக்கைப் பிடுங்க மறந்தேனா என்று சோதிப்பதும், இப்போது மாட்டுகிற அஞ்சு வாட்ஸ் மூன்றும் சேர்ந்து இழுக்கிறதை அங்கே ஒரு சிவப்புப் பல்பு தனியாகவே இழுத்துக்கொண்டிருப்பதும், எனக்கு எவ்வளவு பெரிய ஆனந்தம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? முதலில் ஆனந்தத்துக்காகத்தான் சொல்லவில்லை. இப்போது வேறு காரணமும் இருக்கிறது. ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் அந்தப் பொட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று வைத்துத்தான் வாசற்படியைக் கணக்குப் பண்ணுகிறேன். பொங்கல் சமயத்தில் அந்தப் பொட்டு இன்னும் பெரிசாக இருந்தது.

இந்த அறையில்தான் அவருடைய அம்மா கிடந்தாள். ராமாத்தா. எனக்கு மாமியார் மட்டுமல்ல, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, சொந்த அத்தை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அத்தை மகனுக்கே கட்டிவைத்தார்கள். நிலம் விட்டுப்போகவில்லை, நகை விட்டுப்போகவில்லை. கண்ணும் விட்டுப்போகாது போலிருக்கிறது. இல்லை, இது பல்பு. அத்தைக்கு முதலில் என்ன ஆனது? அவளும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், கோழி பார்க்கிற மாதிரி. எனக்கு அப்போது சிரிப்பு வரும். அப்புறம் பெற்ற மகனைப் பார்த்து யாரு அது என்று கேட்டாள். அப்புறம் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தவள்தான், ஓரத்தில் மிச்சமிருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அப்போது இங்கே பல்பு வயரில் தாழத் தொங்கும், அவள் கட்டிலில் உட்கார்ந்தால் உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நாள் மில்லிலிருந்து வந்த நாச்சிமுத்து ஹோல்டரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு லைட்டு என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கழட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை அன்றைக்குச் சாயங்காலம், லைட்டு போட்டாச்சா நாச்சிமுத்து என்று கேட்டாள். போட்டாச்சும்மா, எரியுது என்றார். நான் சோற்றுத் தட்டோடு கதவருகில் நின்றேன். அவர் போன பிறகு அத்தை கையை மேலே தூக்கி, உள்ளங்கையை விரித்து, அந்தரத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "பல்பு எரிஞ்சா நெத்தியில சூடு தெரியும் அம்மிணி. உம்பட புருசன் பொய் சொல்றான்." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. தட்டை வாங்கிக்கொண்டாள், குழம்பு எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் லைட்டு போட்டாச்சா என்று அவள் கேட்பதும் போட்டாச்சு என்று அவர் சொல்வதும் நடந்துகொண்டே இருந்தது. கடைசி வரைக்கும் மகனிடம் நீ பொய் சொல்கிறாய் என்று அவள் சொல்லவில்லை. பெற்றவளுக்கு அந்த அளவு மரியாதை தெரிந்திருந்தது, பிள்ளைக்குத்தான் தெரியவில்லை.

அவள் போன பிறகு இவர் தலை இடிக்கிறது என்று வயரை முடிச்சுப் போட்டு மேலே தூக்கிக் கட்டினார். இவருடைய குறட்டைக்குப் பயந்து நான் இந்த அறைக்கு வந்தேன். அதே கட்டில். எனக்கென்று ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார், பார்வையுள்ள மனுஷி அல்லவா. இது தெரிந்தால் எத்தனை நாள் விட்டுவைப்பார்? ஒரு வாரம்? ஊரார் என்ன சொல்வார்கள் என்று ஒரு மாசம்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போகலாம்தான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, இது இன்ன வியாதி என்று இவர் முன்னாலேயே ஒரு பேர் சொல்வார். பேர் வைத்துவிட்டால் அப்புறம் அது பல்பு இல்லை. பேர் வைத்த அன்றைக்கே இவருடைய மூளையில் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், ஒரு அறைக்கு லைட் மிச்சம், ஒரு ஆளுக்கு டி.வி. மிச்சம். நல்ல மனுஷன்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கை நீட்டி அடித்ததில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் புருசன் லைட்டை நிறுத்துகிறார் என்றா? சிரிப்பார்கள். அடித்தால்கூட இரண்டு பேர் வந்து கேட்பார்கள். எனக்கு இருட்டு பயமில்லை. இருட்டில் உட்கார வைத்துவிட்டு எரியுது என்று சொல்வாரே, அதுதான் பயம். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

"புள்ள, ஆடுது பாரு, நல்லாப் புடி."

புடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன் என்கிறேன். வாயில் என்னவோ எப்போதும் 'ங்க' போட்ட மரியாதைதான், கோயமுத்தூர் மண் அப்படி. திட்டுவதைக்கூட அந்த ஒரு எழுத்தைச் சேர்த்துத்தான் திட்டவேண்டும். ஸ்டூலின் ஒரு கால் கட்டையாகத் தேய்ந்திருக்கிறது, அதற்கு அடியில் அட்டை மடித்து வைக்கலாம் என்று தீபாவளியிலிருந்து சொல்கிறேன். ஸ்டூலுக்குக் கரண்ட் கிடையாது, அதனால் அதில் இவருக்கு அக்கறை கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பொழுது இறங்கிவிட்டது, எங்கேயோ குக்கர் கத்துகிறது, கோகிலா வீட்டு டி.வி.யில் யாரோ அழுகிறார்கள். வேட்டியில் பழைய புழுதி வாசனை. இந்த அறையில் சுவிட்சுப் பலகை கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இறங்கவேண்டியதில்லை, ஸ்டூலிலிருந்தே கையை நீட்டிப் போட்டுவிடுவார். பெட்டி கிழிகிற சத்தம், பழைய பல்பு என் கைக்கு வருகிறது. ஜில்லென்று இருக்கிறது, மத்தியானமெல்லாம் எரிந்திருந்தாலும் இது இப்படித்தான் இருக்கும். மேலே டிக்கென்றது. எப்படி என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே, இதையும் சொல்லித் தொலைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம் என்று சொல்லிவிட்டேன், நல்லா பளிச்சுன்னு இருக்குதுங்க.

மேலேயிருந்து பதில் வரவில்லை. பாராட்டைக் கேட்டு ஆனந்தப்படுகிறார் என்று நினைத்தேன். இந்த அறைக்கு அஞ்சு வாட்ஸே ஜாஸ்திதானுங்க என்றும் சேர்த்துக்கொண்டேன், கொழுப்பு. ஸ்டூல் ஆடாமல் நின்றது. கோகிலா வீட்டில் அழுகை நின்று விளம்பரம் வந்துவிட்டது.

"இன்னும் சுவிட்சு போடலியே புள்ள."

டிக்கென்றது பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருகின சத்தம். மூன்று பல்பாகக் கேட்ட சத்தம்தான், இரண்டு டிக் உண்டு, முதல் டிக் அது, இரண்டாவது டிக் சுவிட்சு, எண்ணத் தெரியாதா எனக்கு? கையிலிருந்த பழைய பல்பைக் கெட்டியாகப் பிடித்தேன். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். அடுப்பு ஞாபகம் என்று சொல்லலாம். டைம் ஆபீஸ்காரர், முப்பது வருஷம் பொய் கேட்டவர். மெதுவாக இறங்குகிறார். ஒரு கால், இன்னொரு கால். என் முன்னால் நிற்கிறார், மூச்சு முகத்தில் படுகிறது. நான் அவருடைய காதைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தலையைத் திருப்பி, கோழி மாதிரி. அவர் பார்த்துவிட்டார். அந்தத் திருப்பலை அவர் இதற்கு முன்னால் இதே அறையில் பார்த்திருக்கிறார். நாச்சிமுத்து, சொல், எரியுது என்று சொல், ஆரம்பித்துவிடு. அவர் சொல்வதற்குள் நான் சொன்னேன், எங்கிருந்து வந்த குரலோ தெரியவில்லை.

"என்ற ரூம்புல பல்பை மட்டும் கழட்டிப் போடாதீங்க."

அவர் என் கையிலிருந்ததை வாங்கினார். என்னைத் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகட்டும், கணக்குப் போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஹாலில் அட்டாலிப் பரண் பக்கம் தகர டப்பா உருள்கிற சத்தம். பழைய பிஸ்கெட் டப்பா, அவர் தூக்கிப்போட மனசில்லாமல் சேர்த்துவைக்கிற துருப்பிடித்த சாமான்கள் அதில்தான் கிடக்கும், ஆணி, ஃபியூஸ் கம்பி, பழைய பூட்டு. பழைய இரும்புக்காரனிடம் ஒரு நாள் பேரம் பேசுவார் என்று நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. திரும்பி வந்தார். ஸ்டூலை யாரும் பிடிக்காமலே ஏறினார். வயரில் இருந்த முடிச்சை அவிழ்க்கிறார் என்பது தெரிந்தது, இறுகிப்போன முடிச்சு, நகத்தால் பிராண்டிக்கொண்டே இருந்தார். ஹோல்டர் என் தலைக்கு மேலே இறங்கி வந்து ஆடியது, அதிலிருந்த புதுப் பல்பைக் கழட்டினார். செய்தித்தாள் பிரிகிற சத்தம், அப்புறம் ஒரு டிக். நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் இன்னொரு டிக்.

ஓரத்தில் மஞ்சளாக என்னவோ வந்தது. அதுகூடப் பெரிசில்லை. நெற்றியில் சூடு இறங்கியது. வகிட்டில், மூக்கு நுனியில், மடியில் வைத்திருந்த கையின் மேல்பக்கத்தில் மெல்ல மெல்ல வந்து உட்கார்ந்தது. பத்துல ஒன்பது பங்கு. கையைத் தூக்கவேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் தூக்கி உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.

"இங்கிருந்து கழட்டுனதுதான்," என்றார். "எங்கம்மாளுக்கு இந்தச் சூடுதான் தெரியும்."

தெரிந்திருக்கிறது. அத்தைக்கு அது பொய்யென்று தெரியும் என்பது இவருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே தினமும் சாயங்காலம் வந்து சொல்லியிருக்கிறார். செய்தித்தாளில் சுற்றி இத்தனை வருஷம் வைத்தும் இருந்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது? நாளைக்குக் காலையில் முதல் ஆளாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அத்தைக்கு அந்தக் காலத்தில் வைத்தியம் இல்லாமல் போயிற்று, இப்போது என்னென்னவோ வந்திருக்கிறது என்கிறார். நான் தலையாட்டினேன். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், சூடு அவர் தலையிலும் பட்டிருக்கும். பாவம் என்றுகூட ஒரு நினைப்பு வந்து எட்டிப் பார்த்தது. அதற்குள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கா மணி நேரம் எரியட்டும். போதுமில்ல?"

நாச்சிமுத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. முகத்தைத் திருப்பி அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன், முழு முகமும் இருந்தது.

"நிறுத்தறப்ப சொல்லிட்டு நிறுத்துங்க," என்றேன்.

"சொல்றேன் புள்ள," என்றார்.